மரமும் கொங்கிறீற்றும் கூடிய மாடித் தளம்

கண்டி வாவிக் கரையை விட்டுத் தென்கிழக்காக ஏறி, 1893ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் நிறுவிய குருமடத்தினால் பெயர்பெற்ற அம்பிட்டியவைக் கடந்து, தலாத்துஓயாவை நோக்கிச் செல்கிறது ஒரு மலைவீதி. இத்தகைய மலைவீதிகளின் ஓரத்திலும், கீழே நகரத்தின் பழைய தெருக்களிலும் பலகைத் தளம் இட்ட மாடி வீடுகளை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். சுவர் செங்கல்லினால் ஆனது. கூரை ஓட்டினால் வேய்ந்தது. இடையிலுள்ள மாடியோ, யாழ்ப்பாணத்தார் தீராந்தி என்று வழங்கும் மர உத்திரங்களை வரிசையாகச் சுவரிலே பொருத்தி அவற்றின்மேல் பலகை பாவியது.

இத்தகைய வீட்டுக்கு உடையவர் ஒருநாள் ஒரு கேள்விக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். பிள்ளைகள் ஓடினால் தளம் அதிர்கிறது. அலுமாரியின் கண்ணாடி கிலுகிலுக்கிறது. மேலே பேசுவது கீழே கேட்கிறது. கீழே சமைப்பது மேலே மணக்கிறது. என்ன செய்வது? மரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொங்கிறீற்றுத் தளம் வார்த்துவிடுங்கள் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை. நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்டது வேறொரு வழி. மரத்தை இருந்த இடத்திலேயே விட்டு, அதன்மேல் மெல்லிய கொங்கிறீற்றுப் படை ஒன்றை வார்த்து, இரண்டையும் ஒரே உறுப்பாகப் பிணைத்துவிடுவது அந்த வழி. மேனாடுகளில் ஏழு மாடி, எட்டு மாடி மரக் கட்டடங்கள் இம்முறையினால் எழும்பியிருக்கின்றன. அங்கே புதிய கட்டடத்துக்கு உதவும் அதே கணக்கு இங்கே பழைய வீட்டுக்கும் உதவும்.

முதலில் பாரத்தைக் கவனிப்போம். பதினைந்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து அங்குலத் தடிப்பில் அதற்கு முழுக் கொங்கிறீற்றுத் தளம் இட்டால், அதன் நிறை ஏறத்தாழ 5 தொன். பழைய மரத் தளமோ அரைத் தொன்னும் இராது. மண்சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ வைத்து முப்பாட்டன் காலத்தில் எழுப்பிய சுவரும், அதன் அடியிலுள்ள ஆழமில்லாத அத்திவாரமும் அரைத் தொன்னைக் கருதிக் கட்டப்பட்டவை. அவற்றின் தலையிலே பத்து மடங்கைச் சுமத்துகிறோம். மரத்தின்மேல் 60 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கொங்கிறீற்றுப் படை மட்டும் இட்டால் மொத்த நிறை மூன்று தொன்னுக்குள் அடங்கும். இதுவும் சிறிய பாரமன்று. சுவரைச் சோதித்தே ஏற்றவேண்டும். ஆனாலும் இரண்டு தொன் மிச்சம்.

மரத்தின்மேல் காரையைப் பரப்புவது நம்மவர்க்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. தமிழ்நாட்டுப் பழைய மாளிகைகளிலும் அலுவலகங்களிலும் காணும் மதராஸ் தளத்தைப் பாருங்கள். தேக்கு உத்திரங்களை நெருக்கமாக அடுக்கி, மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இட்டு அடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிப்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அருமையான தளம். ஆயினும் அங்கே சுமப்பது முழுவதும் தேக்கே. மேலுள்ள செங்கல்லும் காரையும் வெறும் சுமை; உத்திரத்தோடு சேர்ந்து அவை உழைப்பதில்லை. நான் சொல்லும் தளத்தில் மேற்படையும் கூடி உழைக்கிறது. அந்தக் கூட்டுழைப்பு எங்கிருந்து வருகிறது என்பதே இன்றைய பேச்சின் உயிர்நிலை.

ஒரே அளவான இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு முனைகளையும் கல்லின்மேல் தாங்கி, நடுவில் ஒருவர் ஏறி நிற்கட்டும். பலகைகள் வளையும்போது அவற்றின் முனைகளைக் கவனித்தால், மேற்பலகை கீழ்ப்பலகைக்கு மேலாகச் சற்று வெளிப்புறம் வழுக்கியிருக்கும். ஏட்டுச் சுவடியைக் கையில் வைத்து வளைத்துப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். ஏடுகளின் விளிம்புகள் படிப்படியாக விலகி நிற்கும். இப்படித் தனித்தனியே வளையும் இரு பலகைகளின் விறைப்பு ஒரு பலகையினுடையதைப்போல் இரண்டு மடங்கு. அதே பலகைகளை வழுக்கவிடாமல் பசையிட்டு ஒட்டிவிட்டால் விறைப்பு எட்டு மடங்காகிறது. மரத்தில் ஓர் இம்மியும் கூடவில்லை. வழுக்கலைத் தடுத்ததற்கே இந்த நான்கு மடங்கு ஊதியம்.

இனி மேற்பலகையின் இடத்தில் கொங்கிறீற்றை வையுங்கள். வளையும் உறுப்பின் மேற்பாகம் நெருக்கப்படும், கீழ்ப்பாகம் இழுக்கப்படும். கொங்கிறீற்று நெருக்கலைத் தாங்குவதில் வல்லது. இழுவையில் எளிதில் வெடித்துவிடும். மரமோ தன் நார் ஓடும் திசையில் இழுவையைச் செவ்வையாகத் தாங்கும். ஆகவே மேலே கொங்கிறீற்று, கீழே மரம் என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்புக்கு ஏற்ற பணியே கிடைக்கிறது. சாதாரணக் கொங்கிறீற்றுத் தளத்தில் இரும்புக் கம்பி செய்யும் வேலையை இங்கே மரம் செய்கிறது என்று சொன்னாலும் தவறில்லை. உண்மையில் இம்முறை பிறந்ததும் இரும்புக்குத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்திலேதான். முதலாம் உலகப் போருக்குப் பின், 1922ஆம் ஆண்டில் யேர்மனியில் முல்லர் என்பவர் மரத்தையும் கொங்கிறீற்றையும் ஆணிகளால் பிணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1939இல் சௌப் என்பவர் மடித்த உருக்குத் துண்டுகளை இணைப்பாக வைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் முப்பதுகளிலேயே இதைச் சோதித்துப் பாலங்களுக்குப் பயன்படுத்தினார்கள்.

இணைப்பு வகைகள் பல. இருந்தாலும் நமக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று, நீண்ட உருக்குத் திருகாணி. இதை உத்திரத்தினுள் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் இறக்கி, தலைப்பாகத்தைக் கொங்கிறீற்றினுள் நிற்கும்படி வெளியே விடவேண்டும். சாய்வின் திசை முக்கியம். கொங்கிறீற்று அண்மையிலுள்ள சுவரை நோக்கியே வழுக்க முயலும். ஆகையால் ஆணியின் தலை சுவர்ப்பக்கமும் கூர் அறையின் நடுப்பக்கமும் இருக்கவேண்டும். அப்போது வழுக்கல் ஆணியை இழுக்கும், ஆணி இறுகும். திசை மாறிவிட்டால் அதே ஆணி பாதி வேலையும் செய்யாது. செங்குத்தாக அடித்த வெறும் கம்பியாணியும் ஏதோ உதவும். ஆனால் அது வளைந்து கொடுக்கும்.

மற்றொன்று, உத்திரத்தின் மேற்பக்கத்தில் குழிகளை வெட்டுவது. வார்க்கும்போது கொங்கிறீற்று அக்குழிகளில் இறங்கிப் பல்லுப்போல் கடித்துக்கொள்ளும். மேலே கிளம்பிவிடாமல் குழிக்கு ஒரு திருகாணி நடுவே நிற்கும். விறைப்பில் இதற்குத் திருகாணி மட்டும் இட்ட முறை ஈடாகாது. ஆனால் குழிக்கும் உத்திரத்தின் முனைக்கும் இடைப்பட்ட மரம் நார்வழியே பிளந்து தள்ளப்பட்டுவிடக் கூடும். ஆதலால் முதற்குழியைச் சுவரை ஒட்டி வெட்டலாகாது. புதிய, தடித்த உத்திரங்களுக்குக் குழியும், பழைய உத்திரங்களுக்குத் திருகாணியும் ஏற்றவை என்பது என் எண்ணம். நூறு ஆண்டு சுமந்த மரத்தில் உளி வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

எவ்வகையாயினும், வழுக்கல் சுவர் ஓரங்களில் மிகுதி. அறையின் நடுவில் சூனியம். ஆகவே இணைப்புகளையும் ஓரங்களில் நெருக்கமாகவும் நடுவில் ஐதாகவும் வைப்பது கணக்குக்கு ஒத்தது. கம்பளையை அடுத்த எம்பெக்கே தேவாலயத்திலே, நடன மண்டபத்துக் கூரையின் 26 வளைகளை ஒரே பெரிய மர ஆணியிலே சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள் அக்காலத் தச்சர்கள். தூண்களின் சிற்பங்களைப் பார்ப்பதற்கே அங்கே எல்லாரும் செல்கிறார்கள். பூட்டை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே.

திருகாணி இட்ட இணைப்பு, பசையைப்போல் வழுக்கலை முற்றாகத் தடுப்பதில்லை. ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னம் விட்டுக்கொடுக்கும். முழுப் பிணைப்புக்கும் பிணைப்பின்மைக்கும் இடைப்பட்ட இந்நிலையை எவ்வாறு கணிப்பது? 1956ஆம் ஆண்டில் காள்ஸ்றூவே நகரத்து மோலர் என்னும் அறிஞர், வழுக்கும் இணைப்பையுடைய உத்திரங்களுக்கு ஒரு குறைப்பு எண்ணைக் கண்டு கொடுத்தார். பிணைப்பு அறவே இல்லையேல் அந்த எண் சூனியம், முழுமையானால் ஒன்று. இணைப்பின் விறைப்பு, இணைப்புகளுக்கு இடையேயுள்ள தூரம், உத்திரத்தின் நீளம் ஆகியவற்றிலிருந்து அதைக் கணிக்கலாம். ஐரோப்பிய நாடுகள் இவ்வகைத் தளங்களுக்கென்றே 2021இல் வெளியிட்ட தொழில்நுட்ப விதிகளிலும் இம்முறைக்கு இடமுண்டு.

நமது அறைக்கே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உத்திரம் மூன்றங்குல அகலம், எட்டங்குல ஆழம், இரண்டடிக்கு ஒன்று, சுவருக்குச் சுவர் பதினைந்தடி. அதன்மேல் முக்கால் அங்குலப் பலகை. அதற்கு மேல் 60 மில்லிமீற்றர் கொங்கிறீற்று. மரம் நடுத்தரமானது என்று கொள்வோம். ஆறங்குலத்துக்கு ஓரிணைத் திருகாணி. ஓரிணை ஒரு மில்லிமீற்றர் வழுக்குவதற்கு ஒரு தொன் அளவான விசை வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். வெறும் உத்திரத்தின் விறைப்பை ஒன்று என்றால், கொங்கிறீற்றைப் பிணைக்காமல் மேலே பரப்பிய தளத்தின் விறைப்பு ஒன்றரை. திருகாணியால் பிணைத்தது நாலரை. முழுப் பிணைப்பு வாய்க்குமானால் ஏழேகால். ஆக, சில நூறு ஆணிகள் ஒன்றரையை நாலரையாக்குகின்றன.

இக்கணக்கில் எச்சரிக்கை ஒன்றும் அடங்கியிருக்கிறது. பிணைக்காமல் கொங்கிறீற்றை மட்டும் பரப்பினால் நிறை ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது. விறைப்பு ஒன்றரை மடங்கே. தளம் இயல்பாக அதிரும் வேகத்தை இந்த இரண்டிலிருந்தும் கணிக்கலாம். வினாடிக்கு எட்டு அதிர்வுக்குக் கீழே சென்றால் மனிதரின் நடையோடு அது ஒத்திசைந்து தொல்லை தரலாம் என்பதால், அத்தகைய தளங்களைத் தனியே ஆராயும்படி ஐரோப்பிய விதிகள் கூறுகின்றன. பிணைத்த தளம் வினாடிக்குப் பதினொரு முறை அதிர்கிறது. பிணைக்காததோ ஆறரை முறை. அதாவது, ஆட்டத்தை நிறுத்தவென்று செலவழித்துக் கொட்டிய சீமெந்து ஆட்டத்தையே கூட்டிவிடுகிறது. மேசனாருக்கு ஆணிகள் வீண் செலவாகத் தோன்றலாம். வேலையைப் பார்த்து நிற்கும் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கலாகாத இடம் இதுவே.

வார்க்கும் நாளைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஈரக் கொங்கிறீற்றுக்கு வலிமை கிடையாது. அது இறுகும் வரையில் வெறும் சுமை. ஆகவே உத்திரங்களின் நடுவில் முட்டுக்கால்களை நிறுத்தி, நடுவைச் சற்றே மேலே தூக்கி வைத்துக்கொண்டு வார்க்கவேண்டும். முட்டுக்கால்கள் 28 நாள் நிற்கட்டும். பலகையின்மேல் பொலித்தீன் தாளை விரித்துவிட்டால் சீமெந்து நீரை மரம் உறிஞ்சாது. தாளைத் துளைத்துக்கொண்டு ஆணிகள் நிற்கும். அவற்றுக்கு மேலே வெடிப்பைத் தடுக்கும் வலைக்கம்பி. வலையின் ஓரத்தைச் சுவரோடு கம்பித் துண்டுகளால் பூட்டிவிட்டால் தளம் நான்கு சுவரையும் ஒன்றாகக் கட்டி வைக்கும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட்டு மாதத்தில் திகனப் பக்கத்திலே சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டதை நினைத்தால், இந்தக் கட்டு மிகையானதன்று.

அடுத்தது காலத்தின் வேலை. மரமும் கொங்கிறீற்றும் இடைவிடாத பாரத்தின்கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்கின்றன. கொங்கிறீற்று உலர்ந்து சுருங்கும். சுருங்கும்போது மரம் தடுப்பதால் தளம் முழுவதும் கீழ்நோக்கிச் சற்று வளையும். முதல்நாள் கண்ட தொய்வு இறுதியில் இரண்டு மடங்காகலாம். சிலவேளை அதற்கும் மேற்படும். இங்கேதான் மேனாட்டு அட்டவணைகளை அப்படியே எடுத்தாள முடியாது. குளிர்காலத்தில் சூடேற்றிய ஐரோப்பிய வீடுகளில் மரத்தின் ஈரம் நூற்றுக்குப் பத்தளவில் நிற்கும். கண்டியின் காற்றில் அது பதினைந்தையும் கடக்கும். மழைக்காலம் வந்தால் கூடும், பங்குனி வெயிலில் குறையும். ஈரம் கூடிக் குறையக் குறைய மரத்தின் தொய்வும் வளர்கிறது. பொறியியலாளர் தமது கணக்கில் இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறாரா என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை.

தீயைப்பற்றி அஞ்சுவோர் உண்டு. தடித்த மரம் எரியும்போது மேற்பரப்புக் கரியாகி உள்மரத்தைக் காக்கிறது. கரி நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே உள்ளே செல்லும். அரைமணி நேரத்தில் உத்திரத்தின் ஒவ்வொரு பக்கமும் ஓரங்குலத்துக்குட்பட்ட மரத்தை இழக்கும் என்று கணக்கிட்டு மிச்சத்தின் வலிமையைப் பார்க்கலாம். பலகை இடுக்குகள் வழியே புகையும் சுவாலையும் மேலேறுவதைக் கொங்கிறீற்று மறித்துவிடும். பேச்சொலியையும் அதன் பாரம் தணிக்கும். நாற்காலி இழுக்கும் ஓசையும் காலடி ஓசையும் மட்டும் அடங்குவதில்லை; அவற்றுக்கு மேலே மெத்தென்ற படை ஒன்று இட்டு அதன்மேல் தரை பாவவேண்டும்.

இக்குணங்கள் யாவும் சேர்ந்தே உயர்ந்த மரக் கட்டடங்களில் இத்தளத்துக்கு இடம் தேடிக் கொடுத்தன. பேர்லின் நகரத்து எஸ்மார்க் வீதியில் 2008இல் முடிந்த ஏழு மாடிக் குடியிருப்பின் தளங்கள் இவ்வகையின. ஒஸ்திரியாவின் டோர்ன்பேர்ண் நகரில் 2012இல் எழுந்த எட்டு மாடி அலுவலகத்தில், மர உத்திரமும் கொங்கிறீற்றும் ஏற்கெனவே பிணைந்த பலகங்களைத் தொழிற்சாலையிலே வார்த்துப் பாரந்தூக்கியால் ஏற்றி வைத்தார்கள். வியன்னாவின் 24 மாடிக் கட்டடத்திலும் இக்கூட்டுத் தளமே. நோர்வேயில் 2019இல் முடிந்த பதினெட்டு மாடி மரக் கோபுரத்தின் கதை வேறு. அங்கே மேல்மாடிகள் சிலவற்றில் வேண்டுமென்றே கொங்கிறீற்றுத் தளம் இட்டார்கள். மரம் மிகவும் இலேசாகையால் காற்றில் உச்சி ஆடும். அதை அடக்கத் தலையில் பாரம் தேவைப்பட்டது. நாம் அம்பிட்டியவில் பாரத்தைக் குறைக்கப் பார்க்கிறோம்; அவர்கள் பாரத்தை வலிந்து ஏற்றினார்கள்.

புதிதாகக் கட்ட விரும்புவோர்க்கு எந்த மரம்? நம் மலைநாட்டு வீடுகளின் நல்ல மரம் பலா. ஆனால் பலாவை நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். உணவு தரும் மரத்தைக் காக்கும் அந்தச் சட்டம் நியாயமானதே. தேக்கும் மகோகனியும் விலையேறியவை. அம்பிட்டியவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற ஹந்தானை மலைச்சரிவுகளில் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நட்ட கரிபியப் பைன் மரங்கள் நிற்கின்றன. பெட்டிப் பலகைக்குத்தான் ஆகும் என்று பலர் அதை இகழ்கிறார்கள். தனியே நின்றால் அதன் விறைப்பு குறைவுதான். ஆனால் மேலே கொங்கிறீற்றைப் பிணைத்த தளத்தில் அக்குறை பெரிதும் மறைந்துவிடுகிறது. கறையானுக்கு அது இனிய உணவு என்பது மெய். ஆனால் காப்பு மருந்தை அது எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். வைரம் பாய்ந்த மரங்கள் அவ்வாறு ஏற்பதில்லை. உலர்த்தி, மருந்தூட்டி, தரம்பிரித்துத் தருவதற்கு ஆலைகள் முன்வருமானால், இவ்வகைத் தளத்துக்கு ஹந்தானைப் பைனை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவை இல்லாமல் பச்சைப் பைனை வாங்கி உத்திரமாக்குவது, வீட்டைக் கறையானுக்கு எழுதிக் கொடுப்பதாகும்.

பழைய வீட்டுக்காரர் செய்யவேண்டிய முதற்காரியம் செலவில்லாதது. உத்திரங்களின் நடுப்பாகம் பார்வைக்கு அழகாயிருக்கும்; கேடு வரும் இடம் சுவருக்குள் புதைந்த நுனி. கூரைத் தண்ணீரும் சுவரின் ஈரமும் அங்கே தங்கும், காற்றுப் படாது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைக் கடந்தால் பூஞ்சணம் வேலையைத் தொடங்கிவிடும். கண்டி அரண்மனையின் மகுல் மடுவத்தைப் பாருங்கள். 1783ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த மண்டபத்தின் மரத்தூண்கள் சுற்றிலும் காற்றாட நிற்கின்றன. இத்தனை மழையிலும் அவை நிலைத்திருப்பதற்கு அது ஒரு பெருங்காரணம். ஆகவே ஓடாவியாரை அழைத்து, ஒவ்வொரு நுனியையும் சுவரோரத்தில் கூரிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி எளிதில் இறங்கினால் அந்த நுனியை வெட்டிப் புதுமரம் பொருத்தவேண்டும். நுனிகளில் பாதி அப்படியிருந்தால் இத்தளத்தை மறந்துவிடவேண்டும். உக்கிய மரத்தின்மேல் வார்த்த கொங்கிறீற்று, விழும் நாளை மறைத்துவைக்கும் மூடியே.

சரிவிலுள்ள வீடானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையையும் பெறவேண்டும். இலேசான தளம் இட்டதனால் மண்சரிவு வாராது என்று எண்ணிவிடாதீர்கள். மலையின் பாரத்துக்கு முன் வீட்டின் பாரம் அற்பம்; சரிவை வெட்டிய விதமும் மழைநீர் வடியும் வழியுமே அதைத் தீர்மானிக்கின்றன. தளத்தின் இலேசு சுவருக்கும் அத்திவாரத்துக்கும் உரிய நன்மை, அவ்வளவே. நுனிகள் உறுதியாய், சுவர் நேராய், பொறியியலாளரின் கணக்கும் கையில் இருக்குமானால், தை பிறந்தபின் முட்டுக்கால்களை நிறுத்தலாம். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து மரம் உலரத் தொடங்கியிருக்கும். மாசியில் வார்த்தால், சித்திரை மழைக்கு முன் முட்டுகளை எடுத்துவிடலாம்.